டேவிட் பிரவுன் (தொழிலதிபர்)

சர் டேவிட் பிரவுன் (மே 10, 1904 - செப்டம்பர் 3, 1993) இங்கிலாந்தைச் சேர்ந்த தொழிலதிபர் ஆவார். பற்சக்கர உற்பத்தி, உழவு இயந்திரம் (டிராக்டர்), கப்பல் கட்டுதல் ஆகிய துறைகளில் இவரது குடும்ப நிறுவனம் இயங்கி வந்தது. எனினும் 1947 முதல் 1972 வரை ஆஸ்டன் மார்ட்டின் தானுந்து (கார்) நிறுவனத்தின் உரிமையாளராக இருந்தவர் என்ற வகையிலேயே இவர் உலக அளவில் அறியப்படுகிறார். அந்நிறுவனத்தின் டிபி வரிசைத் தானுந்துகளுக்குப் பெயரான டிபி என்பது இவருடைய பெயரின் முதலெழுத்துகளே ஆகும்.

இவர் தமது சொந்தத் தேவைக்காகச் செய்வித்த டிபி5 எஸ்டேட் வண்டி, ஷூட்டிங் பிரேக் என்னும் அரிய வகைத் தானுந்துகளுள் மிகவும் புகழ்பெற்றது. அவ்வகை ஒருபோதும் ஆஸ்டன் மார்ட்டினின் வழமையான உற்பத்தி வரிசையில் சேர்க்கப்படவில்லை. நிறுவனத்தின் உரிமையாளரே விரும்பியும் அது ஏன் தொடர் உற்பத்திக்கு வரவில்லை என்பது, அக்கால ஆங்கிலேயத் தானுந்துத் தொழிலின் வலிமையையும் வலுவின்மையையும் ஒருங்கே காட்டுவதாக அமைகிறது.

குடும்பப் பின்னணி

டேவிட் பிரவுன் இங்கிலாந்தின் வட பகுதியில் யார்க்சயரில் உள்ள ஹடர்ஸ்பீல்ட் நகரில் பிறந்தார். கம்பளி நெசவாலைகளுக்குப் பெயர்பெற்ற தொழில் நகரம் இது. இவரது பாட்டனாரின் பெயரும் டேவிட் பிரவுன் என்பதே. அவர் 1860 ஆம் ஆண்டில் இந்நகரில் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். வார்ப்பு வேலைக்குத் தேவையான மரத்தாலான மாதிரி அச்சுகளைச் செய்து கொடுப்பதே அப்பட்டறையின் முதல் தொழில். நெசவாலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் பற்சக்கரங்களின் தேவை பெருகியதைத் தொடர்ந்து நிறுவனம் அத்துறையில் ஈடுபட்டது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹடர்ஸ்பீல்டின் லாக்வுட் பகுதியில் பார்க் வொர்க்ஸ் என்னும் ஆலை நிறுவப்பட்டது. பின்னர் இது பிரித்தானியாவின் முதன்மையான பற்சக்கர ஆலைகளுள் ஒன்றாக வளர்ந்தது.

பாட்டனாருக்குப் பின் அவருடைய மக்கள் நிறுவனத்தை நடத்தினர். அவர்களுள் ஒருவரான பிராங்க் பிரவுன் என்பவரே டேவிட் பிரவுனின் தந்தை ஆவார்.

இளமையும் தொழிற்பயிற்சியும்

லங்காசயரில் உள்ள ரோசல் பள்ளியில் கல்வி கற்ற டேவிட் பிரவுன், 1921 இல் குடும்ப நிறுவனத்தில் சேர்ந்தார். முதலாளியின் மகன் என்ற சலுகை எதுவும் இல்லாமல் பயிலுநராகவே இவர் சேர்க்கப்பட்டார். ஆலையில் பகல் முழுவதும் வேலை செய்து, ஹடர்ஸ்பீல்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் மாலை வகுப்புகளுக்குச் சென்றார். பட்டறையின் ஒவ்வொரு பிரிவிலும் பெற்ற இந்த நேரடிப் பயிற்சி பிற்காலத்தில் இவருக்குப் பெரிதும் உதவியது.

இளம் வயதிலேயே வேகமான வண்டிகளில் இவருக்கு மிகுந்த ஆர்வம் இருந்தது. விசையுந்துகளையும் தானுந்துகளையும் போட்டிகளில் ஓட்டினார். வானூர்தி ஓட்டவும் கற்றுக்கொண்டார். குதிரையேற்றம், போலோ, வேட்டை, பந்தயக் குதிரை வளர்ப்பு ஆகியன இவருடைய பிற பொழுதுபோக்குகள்.

நிறுவனத்தை நடத்தி வந்த பெர்சி பிரவுன் (தந்தையின் உடன்பிறந்தவர்) 1931 இல் மறைந்ததைத் தொடர்ந்து, முப்பது வயது நிறைவதற்கு முன்னரே டேவிட் பிரவுன் நிறுவனத்தின் நிருவாக இயக்குநர் பொறுப்பை ஏற்றார். உலகப் பொருளாதார மந்தநிலையால் ஆலைகள் பல மூடப்பட்டுவந்த காலம் அது.

உழவு இயந்திரங்கள்

அயர்லாந்தைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரான ஹாரி பெர்குசன், 1933 இல் புதிய வகை உழவு இயந்திரம் ஒன்றின் மாதிரியை உருவாக்கினார். அதற்கான பற்சக்கரங்களை டேவிட் பிரவுன் நிறுவனம் செய்து கொடுத்தது. கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியுடன் இணைத்து, நீரியல் அழுத்தத்தால் உயர்த்தித் தாழ்த்தும் முறையே பெர்குசனுடைய கண்டுபிடிப்பின் சிறப்பு. அதற்கு முன் கலப்பை வண்டியின் பின்னால் வெறுமனே இழுத்துச் செல்லப்பட்டது. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால் வண்டியின் முன்பகுதி மேலெழுந்து கவிழும் ஆபத்தும் இருந்தது. புதிய முறை இந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்ததுடன், எடை குறைந்த வண்டியைக் கொண்டே ஆழமாக உழவும் வழிசெய்தது.

இருவரும் இணைந்து 1936 முதல் பெர்குசன் - பிரவுன் உழவு இயந்திரத்தைத் தயாரித்தனர். சுமார் 1,350 வண்டிகள் செய்யப்பட்டன. அக்காலத்தில் பரவலாக விற்பனையான ஃபோர்ட்சன் உழவு இயந்திரத்தைவிட இதன் விலை அதிகமாக இருந்ததால் எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. வண்டியை மேலும் ஆற்றல் மிக்கதாக மாற்ற வேண்டும் என்பது பிரவுனின் கருத்து. தமது வடிவமைப்பில் எந்த மாற்றமும் கூடாது என்பதில் பெர்குசன் உறுதியாக இருந்தார். பெர்குசன் 1938 இல் அமெரிக்காவுக்குச் சென்று ஹென்றி ஃபோர்டுடன் உடன்பாடு செய்துகொண்டார். 1939 இல் கூட்டு முறிந்தது.

கூட்டு முறிவதற்கு முன்னரே பிரவுன் தமது சொந்த உழவு இயந்திரத்தை வடிவமைக்கத் தொடங்கியிருந்தார். விஏகே1 என்னும் அவ்வண்டி 1939 இல் அறிமுகமானது. ஹடர்ஸ்பீல்டுக்கு அருகிலுள்ள மெல்தம் என்னும் ஊரில் கைவிடப்பட்ட நூற்பாலை ஒன்றை வாங்கி, அங்கு உழவு இயந்திர ஆலையை அமைத்தார்.

பெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு முறை பின்னர் உலகெங்கும் பொது வழக்கமானது. அவருடைய பெயரைத் தாங்கிய மாசி பெர்குசன் உழவு இயந்திரங்கள் 1960களில் இருந்து சென்னையில் டாஃபே நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டன. தமிழ்நாட்டு வயல்களில் பழக்கமான அந்த இணைப்பு முறை, முதன்முதலில் விற்பனைக்காகத் தொடர்ச்சியாகச் செய்யப்பட்ட இடம் டேவிட் பிரவுனின் ஆலையே ஆகும்.

இரண்டாம் உலகப்போர்

போர்க்காலத்தில் டேவிட் பிரவுன் நிறுவனம் முழுமையாகப் படைத் தேவைகளுக்காக இயங்கியது. இக்காலத்தில் உருவான மெரிட் - பிரவுன் கியர் பெட்டி குறிப்பிடத்தக்கது. பொறியாளர் ஹென்றி மெரிட் இதனை வடிவமைத்தார். முந்தைய பீரங்கி வண்டிகளைத் திருப்புவதற்கு ஒரு பக்கச் சங்கிலிப் பட்டையை நிறுத்த வேண்டியிருந்தது. இதனால் ஆற்றல் வீணானது. புதிய கியர் பெட்டி இரு பக்கங்களுக்கும் தொடர்ந்து ஆற்றலைச் செலுத்தியபடியே வண்டியைத் திருப்பியது. சர்ச்சில், குரோம்வெல், செஞ்சூரியன் ஆகிய பிரித்தானியப் பீரங்கி வண்டிகளில் இது பயன்பட்டது. வானூர்தித் தளங்களில் வானூர்திகளை இழுத்துச் செல்வதற்கான வண்டிகளும் மெல்தம் ஆலையில் செய்யப்பட்டன.

ஆஸ்டன் மார்ட்டினை வாங்குதல்

போர் முடிந்தபோது டேவிட் பிரவுன் செல்வந்தராக இருந்தார். 1946 இன் இறுதியில் தி டைம்ஸ் நாளிதழில், உயர்தரத் தானுந்து நிறுவனம் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகப் பெயர் குறிப்பிடாத விளம்பரம் ஒன்று வெளிவந்தது. விசாரித்தபோது அது ஆஸ்டன் மார்ட்டின் எனத் தெரியவந்தது. 1913 இல் தொடங்கப்பட்டுப் பந்தயங்களில் புகழ்பெற்றிருந்தாலும், அந்நிறுவனம் பலமுறை நொடித்து, உரிமையாளர்கள் பலரிடம் கைமாறியிருந்தது. ஆட்டம் எனப்பட்ட அதன் மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்த பிரவுன், 1947 இல் 20,500 பவுண்டுகளுக்கு நிறுவனத்தை வாங்கினார்.

வண்டியின் அடிச்சட்டமும் கட்டுப்பாடும் சிறப்பாக இருந்தன. ஆனால் இயந்திரத்தின் ஆற்றல் போதவில்லை. அதே ஆண்டில் லகோண்டா நிறுவனமும் விற்பனைக்கு வந்தது. பென்ட்லி தானுந்துகளை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லியின் மேற்பார்வையில் உருவான 2.6 லிட்டர் ஆறு உருளை இயந்திரம் லகோண்டாவிடம் இருந்தது. அந்த இயந்திரத்திற்காகவே பிரவுன் 52,500 பவுண்டுகள் கொடுத்து அந்நிறுவனத்தையும் வாங்கினார். ஆஸ்டன் மார்ட்டினின் அடிச்சட்டமும் லகோண்டாவின் இயந்திரமும் இணைந்து 1950 இல் டிபி2 என்னும் தானுந்தாக வெளிவந்தன.

1953 இல் அறிமுகமான டிபி2/4 என்னும் வண்டியில் நால்வர் அமர இடம் செய்யப்பட்டது. அதன் பின்பக்கக் கண்ணாடி, கீல் பொருத்திய கதவுபோல மேல்நோக்கித் திறந்தது. பின் இருக்கையை மடித்துச் சுமைகளை வைக்கவும் முடிந்தது. பின்னாளில் ஹேட்ச்பேக் என அழைக்கப்பட்ட அமைப்பின் தொடக்கக்கால எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

1954 இன் இறுதியில் நியூபோர்ட் பாக்னெல் நகரில் இருந்த டிக்போர்ட் என்னும் மேற்கூடு கட்டும் நிறுவனத்தையும் பிரவுன் வாங்கினார். பின்னர் ஆஸ்டன் மார்ட்டினின் உற்பத்தி படிப்படியாக அந்நகருக்கு மாற்றப்பட்டது. 2007 வரை ஆஸ்டன் மார்ட்டின் தானுந்துகள் அங்கு தயாரிக்கப்பட்டன.

பந்தய வெற்றிகள்

பந்தயத்தில் வெல்வதே தானுந்துக்குச் சிறந்த விளம்பரம் என்பது பிரவுனின் நம்பிக்கை. பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் 1948 இல் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில் ஆஸ்டன் மார்ட்டின் முதலிடம் பெற்றது. எனினும் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வெற்றி பெற இவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜான் வையர் என்பவரின் மேலாண்மையில் அணி ஒவ்வோர் ஆண்டும் முயன்று தோற்றது.

1959 இல் டிபிஆர்1 வண்டியில் அமெரிக்கரான கரோல் ஷெல்பியும் ஆங்கிலேயரான ராய் சால்வடோரியும் லெ மான் பந்தயத்தில் முதலிடம் பெற்றனர். இரண்டாம் இடத்தையும் ஆஸ்டன் மார்ட்டினே பெற்றது. அதே ஆண்டில் பந்தயத் தானுந்துகளுக்கான உலகக் கோப்பையும் கிடைத்தது. பிரித்தானிய நிறுவனம் ஒன்று இக்கோப்பையை வென்றது இதுவே முதல்முறை. நோக்கம் நிறைவேறியதால், விளையாட்டுத் தானுந்துப் பந்தயங்களில் இருந்து நிறுவனத்தின் அணி அத்துடன் விலகியது.

டிபி4, டிபி5

1958 இல் வெளிவந்த டிபி4 முற்றிலும் புதிய வண்டி ஆகும். இதன் இயந்திரத்தைப் போலந்து நாட்டில் பிறந்த டாடெக் மாரெக் வடிவமைத்தார். மேற்கூட்டின் வடிவம் இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த டூரிங் நிறுவனத்துடையது. அந்நிறுவனத்தின் சூப்பர்லெஜேரா முறையில் மேற்கூடு கட்டப்பட்டது. மெல்லிய எஃகுக் குழாய்களால் கூண்டு போன்ற ஒரு சட்டம் அமைத்து, அதன்மீது கையால் தட்டி வடிவமைத்த அலுமினியத் தகடுகளைப் போர்த்துவதே இம்முறை. வண்டியின் எடை குறையும் என்பது இதன் நன்மை. ஒவ்வொரு வண்டிக்கும் தேர்ந்த தகட்டுத் தொழிலாளரின் உழைப்பு பல நாட்கள் தேவைப்பட்டது இதன் குறை.

1963 இல் 4 லிட்டர் இயந்திரத்துடன் டிபி5 அறிமுகமானது. 1964 இல் வெளிவந்த கோல்ட்ஃபிங்கர் திரைப்படத்தில் ஜேம்ஸ் பாண்ட் பாத்திரம் ஓட்டிய வண்டியாக இது உலகப் புகழ் பெற்றது. இருப்பினும் 1963 - 1965 காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் டிபி5 வண்டிகளே செய்யப்பட்டன. பெரிய நிறுவனங்கள் ஒரே நாளில் செய்யும் எண்ணிக்கையை ஆஸ்டன் மார்ட்டின் எட்ட ஈராண்டுகள் தேவைப்பட்டன.

ஷூட்டிங் பிரேக்

பெயர் விளக்கம்: பழக்கப்படாத குதிரைகளைப் பூட்டிப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட திறந்த வண்டி ஆங்கிலத்தில் பிரேக் எனப்பட்டது. வண்டியை நிறுத்தும் தடைக்கட்டைக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. பிரித்தானிய நிலக்கிழார்கள் பறவை வேட்டைக்குச் செல்லும்போது துப்பாக்கிகளையும் நாய்களையும் வேட்டையாடியவற்றையும் ஏற்றிச் செல்ல இவ்வகை வண்டிகளைப் பயன்படுத்தினர். அதனால் ஷூட்டிங் பிரேக் என்ற பெயர் உண்டானது. இயந்திர வண்டிகள் வந்தபின் பெயர் அவற்றுக்கும் மாறியது. பண்ணையில் பயன்படுவதால் எஸ்டேட் என்றும், தொடர்வண்டி நிலையத்தில் இருந்து பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றி வருவதால் அமெரிக்காவில் ஸ்டேஷன் வேகன் என்றும் இவ்வகைத் தானுந்துகள் அழைக்கப்பட்டன. காலப்போக்கில், இரு கதவுகள் கொண்ட வேகமான தானுந்தின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டிச் செய்யப்படும் வண்டியை மட்டும் ஷூட்டிங் பிரேக் என்று குறிப்பிடும் வழக்கம் ஏற்பட்டது.

உருவாக்கம்: வேட்டையிலும் போலோவிலும் ஈடுபாடு கொண்டிருந்த பிரவுன் தமது வேட்டை நாயுடனும் விளையாட்டுக் கருவிகளுடனும் பயணம் செய்வதற்கு டிபி5 இல் இடம் போதவில்லை. நாயை நிறுவனத்தின் கூட்ட அறைக்கே கொண்டுவந்து மேசைமீது அமர்த்தி, அது அமர்வதற்கேற்ற வண்டியைச் செய்து தருமாறு பொறியாளர்களைப் பணித்தார் என்று ஒரு கதை கூறப்படுகிறது. இக்கதை எவ்வாறாயினும், நியூபோர்ட் பாக்னெல் ஆலையில் இவருக்காக ஒரு டிபி5 எஸ்டேட் வண்டி செய்யப்பட்டது. முன்பகுதி, கதவுகள், இயந்திரம் ஆகியன வழமையான டிபி5 இல் உள்ளவையே. கூரை மட்டும் பின்னோக்கி நீண்டு, மேல்நோக்கித் திறக்கும் பின்கதவில் முடிந்தது. பின் இருக்கையை மடித்தால் சமதளமான நீண்ட சுமைத்தளம் கிடைத்தது.

அவ்வண்டியைப் பார்த்த வாடிக்கையாளர் சிலர் தங்களுக்கும் அதுபோல் வேண்டுமெனக் கேட்டனர். ஆனால் ஆலையில் ஏற்கெனவே கேட்புகளுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குத் தகட்டுத் தொழிலாளர்கள் இல்லை. ஓர் எஸ்டேட் வண்டிக்காக அவர்களை ஒதுக்கினால் வழமையான வண்டிகள் பல தாமதமாகும் நிலை இருந்தது. எனவே இவ்வேலை லண்டனைச் சேர்ந்த ஹரோல்ட் ராட்போர்ட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பென்ட்லி தானுந்துகளில் கண்ட்ரிமேன் எனப்படும் மாற்று மேற்கூடுகளை அமைத்துப் பெயர்பெற்றிருந்த நிறுவனம் அது.

ராட்போர்டுக்கு அனுப்பப்பட்டவை முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட டிபி5 வண்டிகள். அவற்றின் கூரையும் பின்பக்கமும் வெட்டி நீக்கப்பட்டன. குழாய்ச் சட்டமும் மாற்றி அமைக்கப்பட்டது. புதிய கூரை, பக்கக் கண்ணாடிகள், பின்கதவு ஆகியன கையால் செய்து பொருத்தப்பட்டன. பல நாட்கள் உழைத்துச் செய்த வேலையை அழித்து, மீண்டும் பல நாட்கள் உழைத்துச் செய்யும் முறை இது. டிபி5 இன் விலையே 4,000 பவுண்டுகளுக்கு மேல். மாற்று வேலைக்கான செலவு அதனுடன் சேர்ந்தபோது, அத்தகைய விலை கொடுக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே இருந்தனர். சுமார் 12 டிபி5 ஷூட்டிங் பிரேக்குகள் மட்டுமே உருவாயின.

1965 இல் டிபி5 க்குப் பதிலாக வெளிவந்த டிபி6 வண்டியில் பின் இருக்கைகளுக்குக் கூடுதல் இடம் இருந்தது. அதன் அடிப்படையிலும் சில ஷூட்டிங் பிரேக்குகள் செய்யப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை டிபி5 ஐ விடவும் குறைவு. ராட்போர்டுடன் எஃப்எல்எம் பேனல்கிராஃப்ட் என்னும் நிறுவனமும் இவ்வேலையில் ஈடுபட்டது. 1967 இல் அறிமுகமான டிபிஎஸ் வண்டியிலும் பேனல்கிராஃப்ட் ஓர் எஸ்டேட் செய்து கொடுத்தது.

தொடர் உற்பத்திக்கு வராமைக்கான காரணங்கள்

இவ்வகை வண்டி ஆஸ்டன் மார்ட்டினின் விற்பனைப் பட்டியலில் வழமையான வகையாக இடம்பெறாமைக்குப் பின்வருவனவற்றைக் காரணங்களாகக் கொள்ளலாம்:

உழைப்பு: கையால் தட்டிச் செய்யும் மேற்கூட்டுக்கு அச்சு வார்ப்புச் செலவு இல்லை. ஆகவே ஒரே ஒரு வண்டியையும் வேறு வடிவில் செய்ய முடியும். ஆனால் நூறு வண்டிகள் செய்தாலும் ஒன்றுக்கான செலவு பெரிதாகக் குறையாது. அரிய வண்டிகள் பிறக்க வழிசெய்த அதே முறை, அவை பெருகவும் தடையாக இருந்தது.

சந்தை: விரைவுத் தானுந்தையும் சுமை வண்டியையும் ஒரே வண்டியில் விரும்பியவர்கள் சிலரே. பெரும்பாலான செல்வந்தர்கள் இரண்டையும் தனித்தனியே வாங்கினர்.

நிதி: ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் பிரவுனின் காலத்தில் பெரும்பாலும் இழப்பிலேயே இயங்கியது. பற்சக்கரங்களிலும் உழவு இயந்திரங்களிலும் கிடைத்த வருவாயே அதனைத் தாங்கி நின்றது. நண்பர் ஒருவர் அடக்க விலைக்கு ஒரு வண்டி கேட்டபோது, விற்பனை விலையைவிட அடக்க விலை அதிகம் என்று பிரவுன் விளக்க நேர்ந்ததாக ஒரு செய்தி வழங்குகிறது.

பிரவுனின் மற்றொரு விருப்பமான நான்கு கதவுத் தானுந்தும் இதே நிலையை அடைந்தது. இவர் வற்புறுத்தியதால் 1961 இல் வெளிவந்த லகோண்டா ராபிட் 55 மட்டுமே விற்பனையானது. டிபிஎஸ் வண்டியை நீட்டி 1969 இல் செய்யப்பட்ட நான்கு கதவு மாதிரி, இவருடைய சொந்தப் பயன்பாட்டு வண்டியாகவே நின்றுவிட்டது. அதன் வழிவந்த லகோண்டா 1974 இல் விற்பனைக்கு வந்தபோது நிறுவனம் பிரவுனிடம் இல்லை.

நிறுவனங்களின் இழப்பு

ஏற்றுமதிக்கு ஆற்றிய பணிக்காக 1968 இல் இவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. ஆனால் அதற்குப் பின்வந்த ஆண்டுகள் இவருக்குக் கடினமானவையாக அமைந்தன. உழவு இயந்திர விற்பனை சரிந்தது. வங்கிக் கடன் பெருகியது. 1972 இல் உழவு இயந்திரப் பிரிவு அமெரிக்காவின் டென்னெகோ குழுமத்திற்கு விற்கப்பட்டு, அதன் கேஸ் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. மெல்தம் ஆலை 1988 இல் மூடப்பட்டது.

அதே 1972 இல் ஆஸ்டன் மார்ட்டினும் கைமாறியது. பர்மிங்காமைச் சேர்ந்த கம்பெனி டெவலப்மெண்ட்ஸ் என்னும் நிறுவனம், கடன்களை ஏற்றுக்கொண்டு, பெயரளவிலான சிறு தொகைக்கு அதனை வாங்கியது. 25 ஆண்டுகளாகத் தம் பெயரின் எழுத்துகளைத் தாங்கிய நிறுவனத்துடன் பிரவுனுக்கு இருந்த தொடர்பு அத்துடன் அறுந்தது. புதிய உரிமையாளர்கள் வண்டிகளின் பெயரில் இருந்து டிபி என்ற எழுத்துகளை நீக்கினர்.

கப்பல் கட்டும் துறையில், வோஸ்பர் தோர்னிகிராஃப்ட் நிறுவனம் இவருடைய குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1977 இல் தொழிற்கட்சி அரசு கப்பல் கட்டும் தொழிலை நாட்டுடைமையாக்கியபோது அதுவும் அரசு வசம் சென்றது. கொடுக்கப்பட்ட இழப்பீடு மிகக் குறைவு என்பது உரிமையாளர் தரப்பின் நிலைப்பாடு. வேறு பல நிறுவனங்களுடன் சேர்ந்து வோஸ்பர் தொடுத்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றது. 1986 இல் அந்நீதிமன்றம் பிரித்தானிய அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

நாட்டுடைமையாக்கத்தை அடுத்து, 1978 இல் பிரவுன் இங்கிலாந்தை விட்டு மொனாக்கோவில் குடியேறினார். 1990 இல் குடும்பத்தின் மூலத் தொழிலான பற்சக்கர நிறுவனமும் விற்கப்பட்டது. பாட்டனார் தொடங்கி 130 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தனி வாழ்க்கை

டேவிட் பிரவுன் மூன்று முறை திருமணம் செய்துகொண்டார். முதல் மனைவி டெய்சி ஃபர்த் மூலம் ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகள் ஏஞ்சலா, ஆஸ்டன் மார்ட்டின் அணிக்காகவும் ஓட்டிய பந்தய வீரர் ஜார்ஜ் அபெகாசிஸை மணந்தார்.

இறுதிக் காலம்

1987 இல் ஆஸ்டன் மார்ட்டினின் பெரும்பான்மைப் பங்குகளை அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் வாங்கியது. ஃபோர்டு சார்பில் ஆஸ்டன் மார்ட்டினுக்குத் தலைமை ஏற்ற வால்டர் ஹேய்ஸ், புதிய வண்டிக்கு மீண்டும் டிபி என்ற பெயரை இட விரும்பி, முதியவரான பிரவுனிடம் இசைவு பெற்றார். நிறுவனத்தின் வாழ்நாள் மதிப்புறு தலைவராகவும் பிரவுன் ஆக்கப்பட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் பெயரளவுத் தொகைக்குக் கைவிட நேர்ந்த நிறுவனம் இவரைத் தேடிவந்து சிறப்பித்தது. டிபி7 என்னும் அவ்வண்டி 1993 மார்ச்சில் ஜெனீவா தானுந்துக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள் டேவிட் பிரவுன் மொனாக்கோவில் தமது 89 ஆம் வயதில் காலமானார். டிபி7 விற்பனைக்கு வந்ததை இவர் காணவில்லை. அவ்வண்டி, அதற்கு முந்தைய எந்த ஆஸ்டன் மார்ட்டின் வகையையும் விட மிகுதியாக விற்பனையானது.

தாக்கம்

டிபி என்னும் எழுத்துகள் அதன் பின்னர் டிபி9, டிபி11, டிபி12 எனத் தொடர்ந்தன. உயர்விலைத் தானுந்துகளை எஸ்டேட் வடிவில் செய்யும் எண்ணமும் மறையவில்லை. பிரித்தானியாவின் ரிலையன்ட் சிமிட்டார் ஜிடிஇ (1968), சுவீடனின் வோல்வோ 1800இஎஸ் ஆகிய இரு கதவு எஸ்டேட்டுகள் தொடர் உற்பத்தியாகவே வெளிவந்தன. வோல்வோ 1800இஎஸ் மட்டும் 8,077 செய்யப்பட்டது. ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் வண்டியை எஸ்டேட்டாக மாற்றிய லிங்க்ஸ் ஈவென்டர், பிரவுனின் வண்டியைப் போலவே வெட்டி மாற்றும் முறையில் உருவானது. அதுவும் 67 என்ற எண்ணிக்கையைத் தாண்டவில்லை. ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனமே 1992 இல் விராஜ் வண்டியில் ஒரு ஷூட்டிங் பிரேக்கைக் காட்சிப்படுத்தியது. 2010களின் இறுதியில் இத்தாலியின் சகாட்டோ நிறுவனத்துடன் இணைந்து வான்குவிஷ் வண்டியில் 99 ஷூட்டிங் பிரேக்குகளைச் செய்வதாக அறிவித்தது.

ராட்போர்ட் செய்த டிபி5 ஷூட்டிங் பிரேக்குகள் சேகரிப்பாளர்களால் பெரிதும் தேடப்படுகின்றன. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் அவற்றுள் ஒன்று 17 இலட்சம் டாலர்களுக்கு மேல் விலைபோனது. நாய்க்கு இடம் வேண்டி ஒருவர் செய்வித்ததும், செய்யும் செலவு கட்டுப்படியாகாது என ஆலை ஒதுக்கியதுமான வண்டி, அவ்வாறு ஒதுக்கப்பட்டதாலேயே அரிய பொருளாகி மதிப்பு உயர்ந்தது.

பெயர் ஒற்றுமை

2013 இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட டேவிட் பிரவுன் ஆட்டோமோட்டிவ் என்னும் நிறுவனத்தின் பெயர் அதன் நிறுவனரின் பெயரால் அமைந்தது. ஆஸ்டன் மார்ட்டின் உரிமையாளரான சர் டேவிட் பிரவுனுக்கும் அந்நிறுவனத்திற்கும் தொடர்பு இல்லை.